தஸ்தகீர் பாய் ஓரிக்கையில் வெட்டிய தறிக்குழி

செவ்வாய்க்கிழமை காலை. நான் பள்ளிக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். தெருக் குழாய்க்குக் குடத்தோடு போன அம்மா, குடம் இல்லாமல் திரும்பி வந்தார்.

"பாய் அண்ணன் போய்ட்டாராம்" என்றார்.

உள்ளே அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரிசை முடியாமல் அப்பா எதற்கும் தறியை நிறுத்தமாட்டார். வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், எனக்குக் காய்ச்சல் அடித்தாலும் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். அன்று பாதி வரிசையில் தறி நின்றது.

"எந்த பாய்?" என்று கேட்டார். தெரிந்துகொண்டே கேட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"நம்ம தஸ்தகீர் பாய்தான். காத்தால டீ குடிச்சிக்கினு இருந்தாராம். அப்படியே சாஞ்சிட்டாராம்."

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு நெசவாளர்கள் சேர்ந்து அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறார்கள். அவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுதிக்கொண்டு வந்து படிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு, வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். பாய் மாமாவை அறியாதவர்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டும். அறிந்தவர்களுக்கு, அவர்கள் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தஸ்தகீர் பாய் அவர்கள் குழி வெட்டுகிறவர். எங்கள் ஊரில் அது சின்ன வேலை அல்ல. பட்டுத்தறிக்கு வீட்டுக்குள் குழி வேண்டும். நெய்கிறவர் அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் மிதிக்கட்டையை மிதிப்பார். குழி காய்ந்து கிடந்தால் மேலே ஓடும் பட்டிழை வறண்டு பட் பட்டென்று அறும். ஈரம் அதிகமானால் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறி, மிதிக்கட்டை மிதக்கும். பிறகு தை மாதம் வரை தறிக்கு விடுமுறைதான். ஆகவே குழி வெட்டுகிறவருக்கு மண் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தெருவின் எந்தப் பக்கம் களிமண், எங்கே மணல், எங்கே யாரோ பழைய குட்டையைத் தூர்த்து வீடு கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பாய் மாமாவுக்கு மனப்பாடம்.

"எல்லாரும் கூடத்த பாத்து வூடு நல்லா இருக்குதும்பாங்க. நான் கூடத்துக்குக் கீழ பாக்குறவன்" என்பார்.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வீட்டில் அம்மாவுக்காக இரண்டாவது தறி போட்டார்கள். அப்பா சுண்ணாம்பால் இடம் குறித்து வைத்திருந்தார். பாய் மாமா கடப்பாரையால் இரண்டு குத்து குத்தினார். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். விரலுக்கிடையில் தேய்த்தார், முகர்ந்தார். பிறகு கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

"இங்க வேணாம் மூர்த்தி. இது போட்ட மண்ணு. ரெண்டு முழம் அந்தாண்ட தள்ளிக்க."

"தள்ளினா கதவு தொறக்காது பாய்."

"தாராளமா இங்கயே வெட்டறேன். மழைக்கு நீயும் தங்கச்சியும் ஆளுக்கொரு சொம்பு வெச்சிக்கினு தண்ணி எறைங்க. கதவு நல்லா தொறக்கும், எறைச்சி வெளிய ஊத்தலாம்."

அம்மா சிரித்துவிட்டார். தறி இரண்டு முழம் தள்ளிப்போனது. கதவு இன்றும் பாதிதான் திறக்கிறது. ஆனால் அந்த ஐப்பசியில் தெருவில் பாதித் தறிகள் நின்றபோது எங்கள் வீட்டுத் தறிகள் இரண்டும் ஓடின. அதன் பிறகு குழி விஷயத்தில் அப்பா அவர் சொல்லைத் தட்டியதில்லை. குழி விஷயத்தில் மட்டும்.

நான் அவரை 'பாய் மாமா' என்று கூப்பிடத் தொடங்கியதும் அப்போதுதான். அம்மா அவரை அண்ணன் என்றதால் எனக்கு அவர் மாமா.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் புழக்கடைக் கறிவேப்பிலை மஞ்சள் பூத்துச் சோர்ந்தது. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்க வந்த பாய் மாமா செடியடியில் குந்தி மண்ணைக் கிளறினார். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. வழக்கம்போலத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்.

"தங்கச்சி, செடிக்கு சோப்பு போட்டுக் குளிப்பாட்டினியா?"

"அய்ய, இல்லண்ணே. பட்டு காய்ச்சின தண்ணி ஊத்துனேன். அதுல சத்து இருக்குதுன்னு..."

பட்டு நூலைச் சாயம் போடுவதற்கு முன் சோடாவும் சவுக்காரமும் கலந்த தண்ணீரில் காய்ச்சுவோம். நூலின் மேல் இருக்கும் பசை கரைந்து, தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகிவிடும். பார்த்தால் கொழகொழவென்று செழிப்பாக இருக்கும். அதைக் கொட்ட மனம் வராமல் எங்கள் தெருவில் பல பேர் செடிக்கு ஊற்றுவார்கள்.

"பசையில சத்து இருக்குதும்மா, இல்லேங்கல. கூடவே சோடா போவுது பாரு, அது மண்ண கட்டிப்போட்டுடும். தண்ணி ஊத்துனா உள்ள எறங்காது. வேரு மூச்சு வுட முடியாம கெடக்குது. குளிப்பாட்டுனதோட வுட்டியா, தலயும் வாரிவுட்டியா?"

அந்த வாரமே செடியைச் சுற்றித் தோண்டி, கெட்ட மண்ணை வாரி, ஏரி வண்டலைக் கொண்டுவந்து போட்டார். கறிவேப்பிலை பிழைத்தது. அன்று அவர் என் கையிலும் அந்த மண்ணைத் தேய்த்துக் காட்டினார். ஈரமான சோப்புத் துண்டு மாதிரி வழுக்கியது. நான் சிரித்தேன். அதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனிச் சொல்லப்போவது போன ஆண்டு நடந்தது.

அம்மாவுக்கு ஓரிக்கையில் பாலாற்றுப் பக்கம் இருபத்தைந்து சென்ட் நிலம் இருக்கிறது. அவருடைய அப்பா வழியில் வந்தது. பல வருடம் சும்மா கிடந்தது. அதில் கத்தரி, வெண்டை, கொஞ்சம் மல்லி போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எங்கள் பள்ளியில் மண் பரிசோதனைக்கு மாதிரி கேட்டார்கள். நிலம் உள்ளவர்கள் கொண்டுவந்தால் மொத்தமாக ஆய்வகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். எப்படி எடுக்க வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். மேலே உள்ள குப்பையை நீக்கி, அரையடிக்கு மேல் ஆழமாக 'வி' வடிவத்தில் குழி எடுத்து, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை சீராகச் சுரண்ட வேண்டும். நிலம் முழுக்கப் பத்து இடங்களில் இப்படி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோ அனுப்ப வேண்டும்.

"நீதான் படிச்ச பொண்ணு. நீயே போய் எடுத்துக்கினு வா" என்று அப்பா என்னை அனுப்பினார். அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பெரிய வேலை அது.

நிலத்தின் நடுவில் ஒரு புற்று இருந்தது. அதைச் சுற்றி இடுப்பளவு புல். வரப்பில் காலை வைத்ததும் ஒரு பாம்புச் சட்டையைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் ஓர் அடிகூட வைக்க முடியவில்லை. சாலையோர மூலையில் மட்டும் ஒரு புல் பூண்டு இல்லாமல் சுத்தமாக, யாரோ பெருக்கி வைத்ததுபோல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து பத்துப் பிடி எடுத்தேன். படிவத்தில் 'எத்தனை இடங்களில் எடுக்கப்பட்டது' என்ற கேள்விக்கு 'பத்து' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த மூலையில் ஏன் புல் முளைக்கவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மாவின் அப்பா பட்டுக் காய்ச்சும் தொழில் செய்தவர். அவருடைய அடுப்பு அந்த மூலையில்தான் இருந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே அதை இடித்துவிட்டார்கள். எத்தனையோ வருடம் சோடாத் தண்ணீர் குடித்த மண் அது.

பள்ளியில், மாதிரியை முதலில் கொண்டுவந்தவள் என்று என்னைக் காலை வணக்கக் கூட்டத்தில் நிறுத்திக் கைதட்டினார்கள். பள்ளித் தோட்டத்துக்கு என்னைத் தலைவியாகவும் போட்டார்கள்.

ஒரு மாதத்தில் அட்டை வந்தது. களர் மண், பயிர் செய்யத் தகுதி மிகக் குறைவு, சீர்திருத்தம் தேவை என்று இருந்தது. அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுநாளே செங்கல் சூளைக்கு மண் பிடித்துக் கொடுக்கும் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"வெளையாத மண்ண வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற? மேல மூணு அடி எங்களுக்குக் குடுத்துடு. திங்கக்கிழம வண்டி அனுப்பறேன்."

அப்பா சரி என்றார். அம்மா அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் அட்டையை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை மாலை பாய் மாமா வந்தார். தெருவில் கேள்விப்பட்டிருக்கிறார்.

"அந்த நெலமா களருன்றாங்க? அதுக்குப் பக்கத்து நெலத்துல நான் கெணறு தூரெடுத்திருக்கேன். அருமையான மண்ணாச்சே. எடுத்த மண்ணுல மிச்சம் இருக்குதா பாப்பா?"

ஒரு பையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புழக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே அப்பாவின் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாய் மாமா ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். தேய்த்த விரல் அப்படியே நின்றது. கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாப் பிடியும் அந்த ரோட்டு மூலைலயே எடுத்தியா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாம்புச் சட்டையைச் சொன்னேன். படிவத்தில் பத்து என்று எழுதியதைச் சொன்னேன். பள்ளியில் கைதட்டியதையும் சொன்னேன். அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் காலைப் பிடிக்கப் போனேன்.

"அட, எழுந்திரு. பாம்புக்கு பயப்படாதவன் பொய் சொல்றவன். நான் குழிக்குள்ளயே எத்தினி வாட்டி கத்தியிருக்கேன் தெரியுமா? ஒரு தபா தவளைக்கே கத்துனேன்." என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் சொல்லமாட்டேன். அது உன் பேச்சு, உன் வாயாலதான் வரணும். நெலத்த நான் பாத்துக்கறேன். பேச்ச நீ பாத்துக்க. சரியா?"

சரி என்று தலையாட்டினேன்.

அவர் கூடத்துக்கு வந்தபோது தரகரும் வந்து உட்கார்ந்திருந்தார். நான் தட்டில் டீ எடுத்துக்கொண்டு கதவருகே நின்றேன்.

"அந்த மண்ண குடுக்காத மூர்த்தி" என்றார் பாய் மாமா. "அட்ட தப்பு."

"மிஷின் வெச்சுப் பாத்து குடுத்திருக்காங்க பாய். நீ கையால தடவிப் பாத்துட்டு தப்புன்றியே. எப்படி தப்பு? சொல்லு."

எப்படித் தப்பு என்பதற்கான பதில் அவர் வாயில் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தப்புப்பா. என் பேச்ச கேளு" என்று மட்டும் சொன்னார்.

தரகர் சிரித்தார். "இது தெரியலயா மூர்த்தி? பாய்க்கு அந்த நெலத்து மேல ஒரு கண்ணு. மண்ணு போய்ட்டா அப்பறம் அவரு எத்த வாங்குவாரு?"

அப்பா பாய் மாமாவைப் பார்க்காமல் சொன்னார்: "அப்படியும் இருக்கும்."

பாய் மாமா தட்டிலிருந்து டீயை எடுத்தார். முழுதாகக் குடித்தார். தம்ளரை என் தட்டில் திரும்ப வைத்து, "சக்கரை கரெக்டா இருக்குது பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தட்டைத் தரகர் பக்கம் நீட்டினேன். நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் ஓரிக்கையிலிருந்து அப்பாவுக்கு ஃபோன் வந்தது. உங்கள் நிலத்தில் யாரோ ஒரு பாய் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அப்பா வண்டியை எடுத்தார். அம்மா என்னையும் பின்னால் ஏற்றி அனுப்பினார், அப்பா கை ஓங்கிவிடக் கூடாதென்று.

புற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, புல்லை வெட்டி ஒதுக்கிவிட்டு, பாய் மாமா குழிக்குள் நின்றிருந்தார். ஆள் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது. மண்ணை ஆழத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் குவியலாகப் போட்டிருந்தார். மேல்மண் கறுத்த செம்மண், அடுத்தது கொஞ்சம் வெளிர், கடைசியில் தூய மணல்.

"யாரக் கேட்டு வெட்டுன?" அப்பா கத்தினார்.

"உன்னக் கேட்டா வுடுவியா? மேல ஏத்திவுடு." அப்பாவின் கையைப் பிடித்து ஏறினார். சட்டையெல்லாம் வியர்வை. கொஞ்சம் மண்ணைத் திரும்பத் தள்ளி, ஆழத்தைக் குறைத்தார். "அளவு சரியா இருக்குதா பாரு."

"இன்னா அளவு?"

"தறிக்குழி அளவுப்பா. நீளம், அகலம், ஆழம், எல்லாம் உன் வூட்டு அளவு. எறங்கு."

"பைத்தியமா உனக்கு?"

"நான் பைத்தியம்தான். மிஷினையும் நம்பவேணாம், என்னையும் நம்பவேணாம். உன் கால நம்புவ இல்ல? முப்பது வருசமா குழில கால வெச்சிக்கினு உக்காந்திருக்கற. எறங்கி உக்காரு. சரியில்லன்னா நானே இத்த மூடிட்டு வண்டிக்கு மண்ணு வாரிக் குடுக்கறேன்."

அப்பா செருப்பைக் கழற்றினார். குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டார். வீட்டில் தறியில் உட்காருவது போலவே முதுகு தானாக நிமிர்ந்தது. அவருடைய பாதங்கள் அந்தக் குளிர்ந்த மண்ணில் மெல்ல நகர்ந்து, அங்கே இல்லாத மிதிக்கட்டையைத் தேடின. நான் பார்த்தேன். அப்பாவுக்கே அது தெரிந்திருக்காது.

கையால் பக்கச் சுவரை அழுத்தினார். அது உதிரவில்லை.

"தெரியுதா?" பாய் மாமா பக்கத்தில் குந்தினார். "மணலு ஜாஸ்தின்னா இந்நேரம் சரிஞ்சிருக்கும். களியா இருந்தா கடப்பாரையே எறங்கியிருக்காது. ஒரு தூத்தல் இல்ல, இத்தினி நாளா வெயிலு, அப்பவும் எவ்ளோ ஈரம் புடிச்சு வெச்சிருக்குது பாரு. பட்டு அறாத குழிப்பா இது. இதுல செடி எப்படி வாடும்?"

"எங்க வூட்டுக் குழியவிட ஜில்லுனு இருக்குதே" என்றார் அப்பா. மெதுவாகச் சொன்னார்.

"இந்த மேல் மண்ணுதான் அதுக்குக் காரணம். இத்த மூணு அடி நீ வாரிக் குடுத்துட்டன்னு வெய்யி, கீழ பாலாத்து மணலுதான். உன் பேரன் வந்தாலும் இந்த மண்ணு திரும்பி வராது."

அப்பா அந்தக் குழியில் உட்கார்ந்தபடியே தரகருக்கு ஃபோன் செய்து, வண்டி வேண்டாம் என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளும்படி பாய் மாமாவிடம் நீட்டினார். 'அப்படியும் இருக்கும்' என்று சொன்னதைப் பற்றி அப்பா அன்றும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை.

"துண்டு குடுத்தான் பாரு, அதான் உங்கப்பன் பேச்சு" என்றார் பாய் மாமா என்னிடம், பிறகொரு நாள்.

அந்த வாரமே மறுபடி மாதிரி எடுத்தோம். இந்த முறை பாய் மாமா ஒரு கழியால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். அவர் தட்டிய பத்து இடத்திலும் நான் எடுத்தேன். சாலையோர மூலை மண்ணைத் தனிப் பையில் போட்டேன். இரண்டு அட்டைகள் வந்தன. நிலம் நல்ல நிலம், மூலை மட்டும் களர். அப்பா இரண்டையும் பார்த்துவிட்டு, "மொத வாட்டி ஆபீஸ்ல எவன் பொட்டலத்தோடயோ மாத்திட்டானுங்க" என்றார். பாய் மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பேச்சை மாற்றி, மூலைக்கு ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும், பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழ வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.

"அவசரம் இல்ல பாப்பா" என்று போகும்போது சொன்னார். "அந்த மூலையே ஒரு வருசம் ரெண்டு வருசம் கேக்குது. உனக்கும் டைம் வேணும்தான். ஆனா வுட்டுடாத."

இன்று அந்த நிலத்தைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். கத்தரி காய்த்து ஓய்ந்து, மல்லி பிடித்துவிட்டது. அந்தக் குழியை அப்பா மூடவிடவில்லை. சுற்றிக் கல் அடுக்கி வைத்திருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து இறங்கி, தங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் தெருவிலும் காய்ச்சிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது நின்றுவிட்டது. யாராவது மறந்து ஊற்றப்போனால் "தலயும் வாரிவுடு" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வரும்.

ஆனால் தரகர் சொன்ன பழியும் தெருவில் நிலைத்துவிட்டது. கிடைக்க வேண்டிய மண் போன கோபத்தில் அவர் அதைப் போகிற இடமெல்லாம் சொன்னார். பாய் மாமாவை அடக்கம் செய்த அன்று எங்கள் வீட்டு வாசலிலேயே ஒருவர் சொன்னார்: "நல்ல மனுசன். ஆனா அந்த ஓரிக்கை நெலத்த எப்படியாச்சும் புடிச்சிடலாம்னு பாத்தாரு, பாவம்." அப்பா அருகில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

ஆகவே சொல்கிறேன். தஸ்தகீர் பாய் அவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் எந்த ஆசையும் இருந்ததில்லை. முதல் அட்டை தப்பாக வந்ததற்கு ஆய்வகம் காரணம் இல்லை. நான் பயந்துபோய் ஒரே மூலையில் எடுத்து, பத்து இடம் என்று பொய் எழுதினேன். அது பாய் மாமாவுக்குத் தெரியும். அவர் மேல் பழி விழுந்தபோது அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒரு பள்ளிக்கூடப் பெண் தானாகச் சொல்லட்டும் என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஒரு வருடம் காத்திருந்தார். நான் அவரைக் காக்கவைத்தேன். தோட்டத் தலைவி பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுக்கும்படி ஆசிரியையிடம் திங்கட்கிழமை கேட்பேன். மண்ணைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

விடிந்ததும் அப்பா குழியில் காலை வைப்பதற்கு முன் இந்த நோட்டை அவர் கையில் கொடுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்பும் படிப்பேன். அப்பா கோபப்படுவார். எவ்வளவு என்று தெரியவில்லை. ஆனால் அடக்கம் முடிந்து அவர் வந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது.

"நான் எறங்காத குழி இந்த ஊர்ல ஒண்ணுதான் பாக்கி. அத்த மட்டும் வேற எவனாச்சும் வெட்டட்டும். எனக்கு லீவு" என்று பாய் மாமா சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படியே வேறு யாரோ வெட்டினார்கள். எல்லோரோடும் அப்பாவும் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தார். தெருக் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமல் நின்றார். தண்ணீர் சும்மா ஓடியது. வலது கையில் ஒட்டியிருந்த மண்ணை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"நல்ல மண்ணும்மா" என்றார், சொம்போடு நின்ற அம்மாவிடம். "ஈரம் சரியா இருக்குது. சுவரு உதிராம நிக்குது."

பிறகுதான் கையைக் கழுவினார்.

பாய் மாமா, நிலத்தை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். ஓரிக்கை மூலையில் உழுத தக்கைப்பூண்டு மக்கி, போன வாரம் அங்கே முதன்முதலாகப் புல் முளைத்திருக்கிறது. உங்களிடம் வந்து சொல்லலாம் என்று இருந்தேன். பேச்சை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். நிம்மதியாகத் தூங்குங்கள்.